எலியா, மனிதரா, கண்ணாடித் தகடா: மூளை ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வந்ததும் வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான அழைப்பு வரும். "அக்கா, மனநல ஆராய்ச்சி லேப் ஒன்றில் டெக்னீஷியன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரு வருட ஒப்பந்தமாம். போகலாமா? இல்லை, டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ லேப் பட்டயப் படிப்பில் சேர்ந்துவிடட்டுமா?" கேட்பவர் பெரும்பாலும் பி.எஸ்சி. விலங்கியலோ உயிர்வேதியியலோ உளவியலோ முடித்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா துறைமுகத்திலோ மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலோ ஒப்பந்தத் தொழிலாளி. இந்த வேலையில் பல ஆண்டுகள் இருப்பவள் என்ற முறையில், தொலைபேசியில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு நிலையான வருமானம் சீக்கிரம் வேண்டும் என்றால் டி.எம்.எல்.டி. படியுங்கள். அந்த நெருக்கடி இல்லையென்றால், நோயாளிகளோடு நேரடியாகப் பழகி ஆய்வு செய்யும் ஆய்வகம் ஒன்றில், சென்னைக்குள்ளேயே, இரண்டு ஆண்டுகள் வேலை பாருங்கள். எலி ஆய்வகமும் மூளைத் திசு ஆய்வகமும் அதற்குப் பிறகு வரட்டும். ஏன் இந்த வரிசை என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

விளம்பரத்தில் "சைக்கியாட்ரிக் நியூரோசயின்ஸ்" என்று போட்டிருந்தால் வேலை இன்னது என்று புரியாது. மனச்சிதைவு, மனச்சோர்வு, இருதுருவ நோய் போன்றவற்றில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தேடுவதுதான் எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான நோக்கம். ஆனால் காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை உங்கள் கைக்கு முன்னால் இருப்பது என்ன என்பது இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் நோயாளியின் தலை இருக்கும், இன்னோரிடத்தில் எலிக் கூண்டு, மற்றோரிடத்தில் மூளையைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடு. மூன்றுக்கும் பதவிப் பெயர் ஒன்றுதான், சம்பளத்திலும் பெரிய வேறுபாடு இருக்காது. அதனால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

நோயாளிகளோடு வேலை செய்யும் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் இஇஜி (தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது), நினைவாற்றல், கவனச் சோதனைகள், ரத்தம் அல்லது உமிழ்நீர் மாதிரி சேகரிப்பு, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஆளைத் தயார் செய்வது ஆகியவை நடக்கும். மனித மூளையின் மின்னலைகளை 1924-ல் முதன்முதலாகப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்தவர். அதை 1929-ல்தான் வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் இந்தத் துறையில் அந்தக் கருவிக்கு மவுசு குறையவில்லை. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு இடையில் வேறு ஒலி ஒன்றைப் புகுத்தினால், கேட்பவர் கவனிக்காமல் இருந்தாலும் மூளை ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் அந்த மாற்றத்தைக் குறித்துக்கொள்கிறது. மனச்சிதைவு நோயுள்ளவர்களிடம் அந்த அலை சிறுத்துப்போகிறது என்பது 1990-களின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த செய்தி. இப்படிப்பட்ட ஒரு பதிவை உருப்படியாக எடுத்துக் கொடுப்பவர் பேராசிரியர் அல்லர், டெக்னீஷியன்தான்.

உருப்படியாக எடுப்பது என்றால் என்ன? மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரியில் புடைத்திருக்கும் எலும்பு வரை நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் பத்து, இருபது சதவீதங்களைக் கணக்கிட்டு மின்முனைகளின் இடத்தைக் குறிக்க வேண்டும். முடியை வகிடெடுத்து, பஞ்சால் தோலைத் துடைத்து, பசை வைத்து, மின்தடை ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் இதற்கு முதல் தடை தேங்காய் எண்ணெய். முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து, "எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டுத் தலைகுளித்து வாருங்கள்" என்று சொல்லியிருப்போம். ஆனாலும் மருத்துவமனைக்குப் போகும்போது தலைவிரிகோலமாகப் போகக்கூடாது என்று எண்ணெய் தேய்த்து வாரிப் பின்னி, ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளக்கூடாது. வெந்நீரும் ஷாம்பும் துண்டும் ஆய்வகத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த தடை வியர்வை. மே மாதத்தில் குளிர்சாதனம் நின்றால் பதிவு முழுக்க மெதுவாக அலைபாய ஆரம்பிக்கும். மூளையிலிருந்து வரும் சமிக்ஞை மைக்ரோவோல்ட் கணக்கில் இருக்கும்போது, பக்கத்தில் சொருகிய செல்போன் சார்ஜர்கூட ஐம்பது ஹெர்ட்ஸில் குறுக்கே பாயும். இதையெல்லாம் கண்ணால் பார்த்ததும் கண்டுபிடிக்கிற பழக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

இன்னும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஒருமுறை காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா தன் மகனோடு வந்திருந்தார். நோயாளி மகன்தான். ஆனால் நெருங்கிய உறவினர்களின் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு என்பதால் அவரையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள். வயர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏன் கண்ணு, எனக்கும் கரண்ட் வைக்கப்போகிறீர்களா?" என்று கேட்டார். மகனுக்கு முன்பு எப்போதோ மின்அதிர்வு சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். அந்த நினைவு அவருக்கு. "இல்லை அம்மா, இது உங்கள் தலைக்குள் எதையும் அனுப்பாது. உள்ளே ஓடுவதை வெளியே நின்று கேட்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி, மின்முனையை என் நெற்றியில் ஒட்டித் திரையில் காட்டினேன். நான் கண் சிமிட்டியதும் கோடு துள்ளியது. அவரும் சிமிட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அதன் பிறகு உட்கார்ந்தார்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு பலம் இருக்கிறது. அதை அவர்கள் பலமாகவே நினைப்பதில்லை. நோயாளியின் தெரு, பேச்சு, அவர் வீட்டுக் கஷ்டம், அவர் எதைக் கேட்டால் சுருங்கிப்போவார் என்பதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கும், அவர் உண்மையாகவே புரிந்துகொண்டு சம்மதிப்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கென்று தனிப்பிரிவு வைத்து, மனநோய் உள்ளவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும் என்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சையில் குறை வராது என்பதை நோயாளி நம்ப வேண்டும். படிவத்தை எழுதியவர்களால் மட்டும் அந்த நம்பிக்கையைத் தர முடியாது, எதிரில் உட்கார்ந்திருப்பவரும் தர வேண்டும். சென்னையில் மனச்சிதைவு நோயாளிகள் 90 பேரை முதல் முறை நோய் கண்டதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த மெட்ராஸ் நீள்கால ஆய்வு உலகளவில் பேசப்படுகிறது. வீடு மாறியவரைத் தேடிக் கண்டுபிடித்து, கதவைத் தட்டி, மறுபடியும் பேச வைக்கும் ஆட்கள் இல்லாமல் அப்படிப்பட்ட ஆய்வு நடக்கவே நடக்காது.

இதில் கஷ்டங்களும் உண்டு. நோயாளி வராத நாட்கள் வரும். வந்தவர் பாதியில் எழுந்து போவார். சிலரின் கதை இரவில் தூங்கவிடாது. ரத்தம் கையாளும் வேலை என்றால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகுதான் குழாயைத் தொட வேண்டும். எந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டு எழுதாவிட்டால் அன்றைய உழைப்பு வீண், ஏனென்றால் மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் போன்ற மருந்து இஇஜி பதிவையே மாற்றிவிடும். உறவினர் பேச்சும் வரும். "கீழ்ப்பாக்கத்திலா வேலை?" என்று கேட்டுச் சிரிப்பார்கள், கல்யாணப் பேச்சிலும் அது வரும். அவர்கள் அப்படிச் சொல்லும் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது, அயனாவரத்தில் இப்போதிருக்கும் இடத்துக்கு அது வந்தது 1871-ல். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர். 1984-ல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒரு வரிசையில் போய் நிற்பது குறித்து யாருக்கும் கூச்சம் தேவையில்லை.

எலி ஆய்வகத்துக்கு வருவோம். அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. விலங்கியல் படித்தவருக்கு அது "அசல் அறிவியல்" போலத் தோன்றும். அதில் உண்மையும் இருக்கிறது, மனிதரிடம் கேட்க முடியாத கேள்விகளை அங்கேதான் கேட்க முடியும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்று பத்து நாட்கள் எலியை அசையவிடாமல் வைத்தால் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்குகின்றன, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் அவை வளர்கின்றன என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மைய (என்.சி.பி.எஸ்.) ஆய்வகம் 2002-ல் காட்டியது. மன அழுத்தம் மூளையின் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி பாதிக்காது என்று உலகம் புரிந்துகொண்டதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட ஆய்வில் டெக்னீஷியனுக்கு என்ன வேலை? எலியைக் கையில் எடுத்துப் பழக்குவது, எடை பார்ப்பது, உயர்த்தி வைத்த கூட்டல் குறி வடிவப் பாதையில் விட்டு ஐந்து நிமிடம் படம்பிடிப்பது, ஒவ்வோர் எலிக்கும் நடுவில் பாதையை ஆல்கஹாலால் துடைப்பது. கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, இதயம் வழியாக உப்புநீரையும் திசுவைப் பதப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடையும் செலுத்தி மூளையை எடுப்பது.

அந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். பல வாரங்கள் கையில் எடுத்துப் பழக்கிய விலங்கை அதே கையால் கொல்ல வேண்டியிருக்கும். முடியும் என்பவர்களுக்கு அது மதிப்புள்ள வேலை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் வகுத்த வரம்புக்குள், வலி குறைத்து, கவனத்தோடு செய்யப்படும் வேலை. முடியாது என்பவர் சேர்ந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது இரு தரப்புக்கும் துன்பம். நேர்காணலுக்குப் போகும் அன்றே விலங்குக் கூடத்தை ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். நல்ல ஆய்வகமாக இருந்தால் தகுந்த அனுமதி பெற்றுக் காட்டுவார்கள்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை, பொங்கலுக்கும் எலிக்குத் தீனி வைத்தாக வேண்டும். எலிகள் இரவில் விழித்திருப்பவை என்பதால் சில ஆய்வகங்களில் பகலை இருட்டாக்கிச் சிவப்பு விளக்கில் வேலை நடக்கும், சில இடங்களில் இரவில்தான் நடக்கும். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ வீடு இருக்கும் பெண்ணுக்கு இரவு பதினொரு மணித் திரும்பல் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. எலியின் சிறுநீரில் உள்ள புரதம் சிலருக்குத் தும்மலும் ஆஸ்துமாவும் கொண்டுவரும். வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால், உங்களுக்கும் அந்த உடல்வாகு இருக்கிறதா என்று முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். போதாக்குறைக்கு, ஆண் ஆய்வாளரின் வாசனையே எலிகளுக்கு மன அழுத்தம் தந்து வலியுணர்வை மாற்றிவிடுகிறது என்று 2014-ல் கனடாவில் கண்டறிந்தார்கள். யார் எந்த எலியைக் கையாண்டார் என்பதைக்கூட எழுதிவைக்கும் பொறுமை வேண்டும்.

மனநோய்க்கான அடிப்படை எலி ஆய்வு செய்யும் பெரிய இடங்கள் பெங்களூரில்தான் கூடுதல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் அரை நாளுக்குள் போய்விடலாம் என்பது வேறு, அங்கே வாடகை கொடுத்து வாழ்வது வேறு. முதல் வேலையிலேயே சம்பளத்தின் பெரும்பகுதியை விடுதிக்குக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.

மூன்றாவது வகை திசு ஆய்வகம். மூளையை உறைய வைத்து, மைனஸ் இருபது டிகிரியில் கிரையோஸ்டாட் என்ற குளிர்வெட்டுக் கருவியில் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, ஸ்கேன் செய்வது. சென்னையிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை ஐஐடி-யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 5,132 மூளைச் சீவல்களைக் கொண்டு கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடத்தை 'தரணி' என்ற பெயரில் 2024-ல் வெளியிட்டது. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மூளை வங்கி 1995 முதல் நடக்கிறது. அமைதியான, தனிமையான, கைநேர்த்தி கேட்கும் வேலை. பேச்சு குறைவு, நேரம் ஒழுங்கு. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதையே முதலாவதாகச் சொல்வேன். ஃபார்மலின், பாராஃபார்மால்டிஹைடு ஆவி புற்றுநோய் தரக்கூடியது என்பதால் ஆவி உறிஞ்சும் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வடசென்னையிலிருந்து அடையாறு பக்கம் போக, கொருக்குப்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ மின்சார ரயில் ஏறிக் கடற்கரையில் வேளச்சேரி ரயிலுக்கு மாறலாம். காலையில் அது தாங்கும். அண்ணா நகர்ப் பக்கம் வேலை என்றால் விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரலில் மாறிக்கொள்ளலாம். அயனாவரம் என்றால் பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களுக்கு உள்ளூர்தான்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் பேசுவோம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிதியில் நடக்கும் திட்டங்களில் டெக்னிக்கல் சப்போர்ட் பதவிகளுக்கு மூன்று நிலைகள்: மாதம் 18,000, 20,000, 28,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. மூன்றாம் நிலைக்கு முதுகலைப் பட்டமோ சில ஆண்டு அனுபவமோ கேட்பார்கள். ஆகவே புதிதாக பி.எஸ்சி. முடித்தவர் முதல் இரண்டில் ஒன்றைத்தான் எதிர்பார்க்கலாம். நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆனவருக்கு 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயும் வாடகைப்படியும் கிடைக்கிறது. அதே அறையில், பக்கத்து நாற்காலியில் அவர் இருப்பார். அந்த இடைவெளி மனதை உறுத்தும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

தொகையைவிடப் பெரிய சிக்கல் ஒழுங்கின்மை. நிதி எந்த மாதம் வருகிறதோ அந்த மாதம் சம்பளம் என்ற நிலையில் பல திட்டங்கள் ஓடுகின்றன. நான் இருந்த ஓரிடத்தில் நிதியாண்டு மாறும் வேளையில் மாதக்கணக்கில் சம்பளம் நின்றது, பிறகு மொத்தமாக வந்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு மொத்தமாக வருவதால் பயனில்லை, அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார். அப்பாவின் வருமானம் நின்றுவிட்ட வீட்டுப் பிள்ளைகளிடம் ஆய்வக வேலையை நான் ஊக்குவிக்காததற்கு இது ஒன்றே காரணம்.

அவர்களுக்கு டி.எம்.எல்.டி. இரண்டு ஆண்டுப் படிப்பு, அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு மருத்துவமனைகளுக்கு லேப் டெக்னீஷியன்களை எடுக்கும்போது மருத்துவ லேப் படிப்புச் சான்றிதழைத்தான் கேட்கும். ஆய்வகத்தில் எத்தனை ஆண்டுகள் மூளைத் திசு வெட்டியிருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. பல பேர் இதைத் தாமதமாகத் தெரிந்துகொள்கிறார்கள். தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், ஆனால் எந்தத் தெருவிலும் வேலை கிடைக்கும், திருமணமாகி ஊர் மாறினாலும் கிடைக்கும். வேலை ஒரே மாதிரியானது, கேள்வி கேட்கும் வாய்ப்பு குறைவு. இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுப்பவரை யாரும் தாழ்வாக நினைக்கக்கூடாது.

மருந்துச் சோதனை நிறுவனங்களில் ஒருங்கிணைப்பாளர் வேலை இன்னொரு வழி. கோப்பு, கையெழுத்து, தேதி, மறுபடியும் கோப்பு. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் பயிற்சி இருந்தால் சம்பளம் வேகமாக ஏறும். மூளையைப் பற்றிக் கற்க வேண்டும் என்று வருபவர்களுக்கு அங்கே தீனி குறைவு. நேராக எம்.எஸ்சி. சேர்வது பற்றிக் கேட்டால், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேருங்கள் என்பேன். கடன் வாங்கித் தனியாரில் சேர வேண்டும் என்றால், இரண்டு ஆண்டு ஆய்வகத்தில் இருந்து எந்தத் துறை பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நோயாளிகளோடு பழகும் ஆய்வகத்தை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும்போது அது தரும் கைத்தொழில் மற்ற இடங்களிலும் செல்லுபடியாகும். இஇஜி எடுக்கத் தெரிந்தவரை நரம்பியல் மருத்துவமனைகள் விசாரிக்கும், பிறகு ஒரு பட்டயமோ பட்டமோ சேர்த்துக்கொள்ளலாம். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துக்குப் பிறகு முறையான தகுதி இல்லாமல் நெடுநாள் ஓட்ட முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். நோயாளியிடம் பேசிப் பழகியவர் உளவியல், மனநலச் சமூகப்பணி, மருந்துச் சோதனை என்று எந்தப் பக்கமும் திரும்பலாம். கிரையோஸ்டாட் மட்டும் தெரிந்தவருக்குக் கிரையோஸ்டாட் இருக்கும் இடத்தில்தான் வேலை.

நேர்காணலில் அவர்கள் மட்டும் கேள்வி கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை. திட்டத்துக்கு இன்னும் எத்தனை மாத நிதி இருக்கிறது? எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது என்ன செய்கிறார்? ஊசி குத்தினால், எலி கடித்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டதா? முன்பிருந்தவரைப் பற்றிய கேள்விக்கு வரும் பதிலை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். அவர் எம்.எஸ்சி. படிக்கிறார், இன்ன மருத்துவமனையில் இருக்கிறார் என்று பெயர் சொல்லிச் சொன்னால் அந்த இடம் ஆளை மதிக்கிற இடம். "அவரா, நின்றுவிட்டார்" என்பதோடு பேச்சு முடிந்தால், அவருடைய எண்ணை எப்படியாவது வாங்கிப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சேர்ந்த பிறகு, நீங்கள் எடுத்த பதிவுகள் எந்த ஆய்வுக் கட்டுரைக்குப் போகின்றன, அதில் உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றிப் பகுதியில் வருமா என்பதை முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் சங்கடம்தான் மிஞ்சும். விலகும்போது தரப்படும் அனுபவச் சான்றிதழில் "டெக்னீஷியனாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரி போதாது. எந்தக் கருவி, எந்தச் சோதனை, தனியாகவா மேற்பார்வையிலா என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அதற்காக வேலை செய்யும் நாட்களிலேயே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்.